தேவகியின் படத்தில் தலை இல்லை

காஞ்சிபுரம்,
20-8-2006

இளங்கோவா,

உன் தங்கையின் குரலை நீ விற்றுவிட்டாய். பணத்துக்கு இல்லை, பெட்டி பிரிக்காத ஒரு பழைய ஜப்பான் விளையாட்டு மிஷினுக்கு மாற்றிக்கொண்டாய். இந்த வரியை எழுதிய பிறகுதான் நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று கேட்க எனக்குக் கை வருகிறது. நலம் என்றால் ஏதோ இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கூடிக் கால் எரிச்சல் எடுக்கிறது, மாத்திரையைப் போடு என்றால் போட்டேன் என்று பொய் சொல்கிறார். டி.வி. ரிப்பேருக்கு முன்போல ஆள் வருவதில்லை, வருகிற இரண்டொன்றையும் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்குக் கூரம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. பிள்ளையார்பாளையத்துக்குத் தினமும் வருகிறது, நம் காலனிக்கு வரும்போது மட்டும் குழாய்க்கு நோய் வந்துவிடுகிறது. மனு கொடுத்திருக்கிறோம். போன மாதம் போனில் நீ இருமினாய், அது சரியாகிவிட்டதா? தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ரயில் ஏறாதே என்று எத்தனை முறை சொல்வது.

போனில் இதைக் கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. மறு வாரம் கேட்டேன், மீட்டிங் என்றாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தைக் கட் பண்ண முடியாது. போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன், வாசலில் ஆட்டோ நின்றது. உன் லண்டன் நண்பர், வயதானவர், முகமெல்லாம் வெயிலில் சிவந்துபோய் இறங்கினார். மனைவியைப் பட்டுக்கடையில் விட்டுவிட்டு நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறார். நீ முகவரி தரவில்லையாம், எப்போதோ நீ ஊரிலிருந்து அனுப்பிய பார்சலின் உறையில் இருந்ததைப் பார்த்து எழுதி வைத்திருந்தாராம். உள்ளே வந்ததும் நாலு பக்கமும் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். தறி எங்கே என்றார். நம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் ராஜாக்களுக்கும் பட்டு நெய்த குடும்பம் என்று நீ சொல்லியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தாத்தா அடுத்தவன் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவர், உன் அப்பா டி.வி. மெக்கானிக், நான் வாத்தியார், இந்த வீட்டில் தறிக்கு ஆணி அடித்ததே இல்லை என்று சொன்னேன். அந்த மனிதர் பாவம், நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவும் மறந்துவிட்டார்.

நல்ல மனிதர்தான். செத்துப்போன கம்ப்யூட்டர்களை வாங்கிச் சேர்ப்பதும், யாரிடம் எது இருக்கிறது என்று தபாலில் மாற்றிக்கொள்வதும், அதற்கென்று வீட்டிலேயே உட்கார்ந்து புது விளையாட்டு எழுதிக் கேசட்டில் ஏற்றுவதும் அங்கே ஒரு பெரிய கூட்டம் என்றும், அந்தக் கூட்டத்தில் உனக்குத் தனி மரியாதை என்றும் சொன்னார். உங்கள் மகன் பெரிய திறமைசாலி என்று பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே வர்ண அட்டை, அதில் யானை, கோபுரம், கொலுசு போட்ட ஒரு ராஜகுமாரி. கீழே உன் பெயர். அப்பா எழுந்துபோய் மரப்பெட்டியிலிருந்து அந்தப் பழைய பி.பி.சி. கம்ப்யூட்டரை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டதைக் காயலான் கடையில் வாங்கி வந்து உங்கள் இருவருக்காகவும் அவர் உயிர் கொடுத்தாரே, அதேதான். டி.வி.யோடு சேர்த்துக் கேசட்டைப் போட்டார். கீச்சென்ற சத்தம் ஓடி முடிந்தது, படம் வந்தது. ராஜகுமாரி தெருவில் நடக்கிறாள், கிட்டே போனால் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்கிறது. உன் தங்கை தேவகி இதே கம்ப்யூட்டரில் எழுதிய விளையாட்டிலும் கதவுகள் இப்படித்தான் சாத்திக்கொள்ளும். அப்பா அதற்குமேல் எந்தப் பொத்தானையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் போனதும் ராஜகுமாரி நின்றாள், திரும்பினாள், எங்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். தேவகி செய்த பெண்ணும் அப்படித்தான் நிற்பாள், யாராவது தொடுகிற வரைக்கும். உடுப்பை மாற்றினாய், பெயரை மாற்றினாய், இதை எடுக்க உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அப்பா டி.வி.யைப் பார்த்து, சாப்ட்டியாம்மா என்று கேட்டார். அவள் இறந்து இந்தப் பதினெட்டு மாதத்தில் அவர் அவளோடு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அண்ணன்தானே, எடுத்துக்கொண்டான் என்று இருந்திருப்பேன். அந்த மனிதர்தான், உங்களுக்கு ஒன்று போட்டுக்காட்டுகிறேன், இதன் அர்த்தம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை என்று சட்டைப்பையிலிருந்து சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்து வயரை என் காதில் வைத்தார். "கீழேர்ந்து மொத வரி. ரெண்டு வுடு, நாலு குத்து, ரெண்டு வுடு, நாலு குத்து." தேவகி. என் காதுக்குள்ளேயே. கையிலிருந்த கேசட் உறையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அங்கே எல்லோரும் இதை ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கிறார்களாம். பேய் கேசட் என்று பெயராம். அந்த மிஷினைக் கொடுத்து உன்னிடம் வாங்கியவர் ஹாலந்தில் வைத்திருக்கிறாராம், முழுவதையும் வெளியே விடாமல் ஆரம்பத்தை மட்டும் எல்லோரும் கேட்கும்படி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாராம், அதை வெட்டி இன்னொருவர் தன் விளையாட்டில் சுடுகாட்டுக் காட்சிக்குப் பின்னால் ஓட விட்டிருக்கிறாராம். என் மகள் சுடுகாட்டில் ஓடுகிறாள், எவனோ பொழுதுபோகாமல் விளையாடுகிறான். இந்தப் பெண் யார் என்று உன்னைக் கேட்டதற்கு, யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று சொன்னாயாமே. கொஞ்சம் தள்ளி அதே கேசட்டில், "அண்ணா, டி.வி.ய கொறைப்பா, எல்லாம் பதியுது" என்கிறாள் அவள். "இரு தேவு, பாட்டு முடியட்டும்" என்று சொல்வது யாருடைய குரல்? அதுவும் பக்கத்து வீட்டுக்காரனா? இது என் மகன் குரல், அது என் மகள் என்று அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மந்திரமா அது? உனக்குத் தெரியாதா? புடவையில் பூ விழத் தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுகிறவனுக்கு, கட்டம் போட்ட கிராப் தாளைப் படித்துச் சொல்கிற பேச்சு அது. குத்து என்றால் ஓட்டை, வுடு என்றால் வெறும் கட்டம். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற வீரபத்திரன் முதலாளிக்குப் புடவைக்குக் கிராப் போட்டுக் கொடுத்தாள், மயில், சக்கரம், அன்னம் எல்லாம் அவள் கை. கிராப் உள்ளே போகலாம், இவள் போகக்கூடாது. செருப்பைத் தெருமுனையில் கழற்றிவிட்டு வாசல்படிக்குக் கீழே வெயிலில் நின்று உரக்கப் படிக்க வேண்டும், உள்ளே நிழலில் உட்கார்ந்து ஒருவன் குத்துவான். எந்தப் புடவையிலும் எந்த விழாவிலும் அவள் பெயர் வந்ததில்லை, டிசைன் எங்க பையன் போட்டது என்று அவர் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னதை நீயே கேட்டுவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை, நீதான் எங்கேயோ ஏர்போர்ட்டில் கழற்றி வைத்துவிட்டாய். கேசட் கெட்டு விளையாட்டு ஏறாமல் போனாலும் படமாவது மிஞ்சட்டும் என்று விளையாட்டைப் பதிவதற்கு முன்னால் அதில் வரும் ஒரு படத்தையும் அதே மாதிரி வாயால் படித்து வைத்தாள், அவளுக்குத் தெரிந்த வழி அது. மற்ற கேசட்டெல்லாம் போன வருஷ மழையில் பூஞ்சை பிடித்துப் போயிற்று. மிஞ்சியது ஒன்றுதான். அவளுடைய வருஷ பூசைக்கு நீ வந்தபோது, இதையாவது காப்பாற்றி சி.டி.யில் ஏற்றி அனுப்புகிறேன் என்று அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாய். மாலையானால் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார், தெரிந்துதான் வாங்கினாய். இப்போது வெறும் டேப் ரிக்கார்டரை அழுத்திவிட்டு உட்காருகிறார். உள்ளே ஒன்றும் இல்லை, மோட்டார் சுற்றுகிற சத்தம் மட்டும். இரு, வரும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் எட்டிப் பார்த்து, இன்னா டீச்சரம்மா, மாமா காத்தக் கேட்டுக்கினு கீறாரு என்றாள். கிண்டல் இல்லை, அவளுக்கும் பயம்தான்.

நான் கிராப் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர், அப்படியானால் அது என்ன படம் என்று கேட்டார். நாங்கள் எத்தனை மாதம் கேட்டோம், அந்தக் கேள்வி எங்களுக்கு வரவே இல்லை பார், குரல் போதும் என்று இருந்துவிட்டோம். அவளுடைய கிராப் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டார், நான் திருப்பிச் சொன்னேன், அப்பா பென்சிலால் கட்டம் கட்டமாகக் கறுப்பாக்கினார். கிராப் கீழேயிருந்துதான் படிப்பார்கள், புடவை எந்த வரியில் தொடங்குகிறதோ அங்கிருந்து மேலே. அதனால் பாதம்தான் முதலில் வந்தது. அடி வரிசை மட்டும் காலைவிட இரண்டு பக்கமும் அகலமாக இருந்தது. அப்பா பென்சிலை வைத்துவிட்டு, "செருப்பு போட்டுக்கினு கீறா" என்றார். உன் ராஜகுமாரி வெறுங்காலோடு கொலுசு போட்டிருக்கிறாள், இவள் செருப்புப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்திருக்கிறாள். பிறகு சுடிதார் வந்தது, இடுப்போடு அணைத்த அட்டைக் கட்டு வந்தது, தோள் வந்தது, தன்னையேதான் போட்டிருக்கிறாள். கழுத்துக்கு ஒரு வரி சொன்னாள். அடுத்த வரி என்று சொல்ல வாயெடுக்கிறாள், அதோடு நின்றுவிட்டது. ஹாலந்துக்காரர் வெளியே விட்டது அவ்வளவுதான். தலை அவர் அலமாரியில் இருக்கிறது.

போட்டோ இருக்கிறதே என்பாய். அது ஸ்டுடியோக்காரன் சிரிக்கச் சொல்லி எடுத்தது. தன் முகம் என்று அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது, அந்த விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தபோதெல்லாம் நான் அடுப்பில் ஒரு கண் வைத்திருந்தேன். அப்பா அந்தத் தாளைச் சுவரில் மாட்டிவிட்டார், மாதா படத்துக்குப் பக்கத்தில். எடுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். பாதி வந்தவளை எப்படி வெளியே அனுப்புவது என்று கேட்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் செருப்போடு அவள் நிற்கிறாள், தோளுக்கு மேலே காலிக் கட்டங்கள். மேஜையில் டீ இரண்டு டம்ளர் ஊற்றி வைத்திருக்கிறார், ஒன்று எனக்கு இல்லை.

அந்த மனிதர் ஊருக்குப் போனதும் ஹாலந்துக்காரருக்கு எழுதிக் கேட்டாராம். பதில் வந்ததை எனக்கு அனுப்பினார். ஹாலந்துக்காரர் கேசட்டைத் திருப்பித் தரத் தயார்தான், ஆனால் அது முறையாக மாற்றிக்கொண்ட பொருள், கொடுத்தவன் வந்து இது என்னுடையது இல்லை, என் தங்கையுடையது என்று எழுதினால் மறுநாளே தபாலில் போடுகிறாராம். ஒரு வரி இளங்கோவா. அந்த ஒரு வரியை எழுதினால் உன் மரியாதை போய்விடும், அதுதானே? அங்கே யாரும் சாதி கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய், படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். கேட்காதவர்களிடம் எதற்காக ராஜகுமாரியைக் காட்டினாய்? வீரபத்திரனை நாம் வாய் நிறையத் திட்டினோம், அவர் அவளை வாசலில் நிற்கவாவது விட்டார். நீ அவளை யாரோ என்றுவிட்டாய். உன்னை வெறுக்க எனக்கு வரவில்லை, இரண்டில் ஒன்றுதான் மிச்சம், அதையும் எங்கே விட. ஆனால் நீ போனில் பேசும்போது இப்போதெல்லாம் உன் குரலை நான் அந்தக் கேசட்டில்தான் கேட்கிறேன், இரு, இரு என்று.

நன்றாகச் சாப்பிடு. இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. சித்தப்பா மகள் கிறிஸ்துமஸ் முடிந்து அங்கே படிக்க வருகிறாள், எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன், அவளைக் கூட்டிக்கொண்டு வர ஏர்போர்ட்டுக்கு நீயே போ, யாரையும் அனுப்பாதே. மாதா உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதில் குறை வைக்கமாட்டோம். இது கிடைத்த பிறகு ஞாயிறு போன் வந்தால் அப்பாதான் எடுப்பார். மழையா வெயிலா என்று தொடங்காதே. ஹாலந்துக்கு எழுதிவிட்டேன், தேவகி என் தங்கை என்று எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல். எழுதுவாயா, மாட்டாயா?

உன் அம்மா,
ரா. கிரேஸ்