ஐந்து பேரும் எங்கட குடி

ஆவணி, புதன்.

பழைய அரச ஆவணங்களைப் பாதுகாக்கும் ஆலோசனைக் குழுவுக்கு ஐந்து பேரைத் தெரிவுசெய்யும் வேலையை மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் என் தலையில் கட்டியிருந்தார்கள். தகுதியை மட்டும்தான் பார்த்தேன். பின்னேரம் பெயர்களை இவருக்கு வாசித்துக் காட்டினால், மனிசன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இது ஆலோசனைக் குழுவா புள்ள, உங்கட குடிக் கூட்டமா?"

யோசித்தேன். சித்தாண்டி மாஸ்டர் எனக்குத் தாய்மாமன் முறை. மற்ற நாலு பேரும் தாய்வழியில் எங்கட குடி, ஒரே வம்சம்தான். எனக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் தகுதி இருக்கென்று நினைத்திருக்கிறேன்! நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

மூன்று பெயரை வெட்டினேன். ஏறாவூர் ரீச்சரையும் குருக்கள்மடத்து நூலகரையும் சேர்த்தேன். மனம் லேசாகிவிட்டது.

படுக்கப் போகும்போது இவர் மெதுவாகக் கேட்கிறார்:

"மிச்சம் ஒரு இடம் கிடக்குதானே? எங்கட அண்ணன் சும்மாதான் இருக்கார்."