கூவைக்குளத்து விராலை விரட்டுவது யார்?

மே 2, வெள்ளி

காலையிலேயே வெயில். பேச்சிப்பாறைக் கால்வாயில் தண்ணீர் அடைத்து ஒரு மாதம். கூவைக்குளம் பாதியாக வற்றிவிட்டது. மீனுக்கு ஒளிய இடமில்லை. நமக்கு நல்லது.

கோயம்புத்தூர் சார் வந்து சேர்ந்தார். பெயர் நவீன். தூண்டில் பை மட்டும் ஆள் உயரம். ரப்பர் தவளை பதினேழு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி. திங்கள் வரை இருப்பார்; குளம் காட்டிக் கூலி வாங்குவது நான்.

"அங்கிள், ஒரு பெரிய விரால் மட்டும் மாட்டட்டுங்க. எங்க குரூப்புல நாப்பது பேரு, கோடை முழுக்க உங்ககிட்டதானுங்க. இல்லீன்னா கேரளாப் பக்கம் போயிருவோமுங்க."

ஒரு விராலா? என் குரல் கேட்டால் இந்தக் குளத்து மீனெல்லாம் தலை தூக்கும் என்றேன். நம்பினார்.

கைதைப் புதர் ஓரம் நான் பார்த்து வைத்திருப்பது நாலு கிலோ. பார்ப்போடு, அதாவது பொரித்த குஞ்சுகளோடு, நிற்கிறது. தலைக்கு மேலே குஞ்சுக் கூட்டம் இருக்கும்போது விரால் எதையும் கடிக்கும். ரப்பர் தவளை என்ன, செருப்பைப் போட்டாலும் கடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் பார்ப்பு சிவப்பாக இருக்கும் வரை தாயைத் தொடமாட்டோம். கறுத்துவிட்டால் குஞ்சு தானே பிழைத்துக்கொள்ளும். போன வருடம் சிவப்புப் பார்ப்போடு நின்றதைப் பிடித்த ஒருவனைச் சந்தையில் வைத்து நாறடித்தது நான்தான். ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள்.

இந்தப் பார்ப்பு கறுப்பு மாதிரித்தான் தெரிந்தது. என்னுடையது கழுகுக் கண். தவிர, சார் போட்டோ எடுத்துவிட்டு மீனை விட்டுவிடுகிற ஆள்.

சாப்பிடும்போது வீட்டில் இடத்தைச் சொன்னேன். பார்ப்பு பற்றிச் சொல்லவில்லை.

மே 3, சனி

ஆறு மணிக்குக் குளம். கைதை ஓரம் தண்ணீர் கலங்கி ஒரே சேறு. விரால் இல்லை, பார்ப்பும் இல்லை. சார் மூன்று மணி நேரம் எறிந்தார். தாமரை இலை நான்கு பிடித்தார்.

எனக்கு முன்னால் யாரோ வந்திருக்கிறார்கள். இடம் தெரிந்தவர்கள்: நான், மனைவி லில்லிபாய், மகள், மருமகன் ஜெபின்.

ஜெபின் மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு இது. துபாயிலிருந்து லீவுக்கு வரும்போதே புதுத் தூண்டில் ராடு வாங்கி வந்தவன். நேற்று சாரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் போனதும் பேச்சு நின்றது. இன்று திரும்பி வந்ததும் அவன் பைக் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சூடு.

"மருமவனே, காலையில எங்க போயிருந்திய?"

"பாலு வாங்க, மாமா."

"பாலு மட்டுந்தானா?"

"தோசை மாவும், மாமா."

பதிலைத் தயாராக வைத்திருக்கிறான்.

சாயங்காலம் லில்லிபாயின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல். கைதைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் முழங்கால் உயரத்தில் கட்டினேன். ஒற்றை முடிச்சு. பட்டாளத்தில் இப்படித்தான். நான் பட்டாளத்துக்குப் போக இருந்தவன். மார்பளவு அதிகமாகிவிட்டது என்று எடுக்கவில்லை.

வாங்க: மெழுகுதிரி, தேங்காய் எண்ணெய், சாருக்குக் கொசுவத்தி.

மே 4, ஞாயிறு

புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை.

நூல் இருந்தது. ஆனால் இரட்டை முடிச்சு! அவிழ்த்துப் போனவன் திரும்பக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். கெட்டிக்காரக் கள்ளன். மறுபடியும் கலங்கல். ஓரத்தில் ஒரு தென்னை மட்டை மிதக்கிறது. அந்தக் கரையில் தென்னையே கிடையாது.

சார் முகம் சரியில்லை. "அஞ்சு கிலோன்னு சொன்னீங்களேங்க, அங்கிள்?" ஆறு என்று சொன்னதாக எனக்கு ஞாபகம்.

சர்ச் பூசையில் ஜெபின் எனக்கு முன் வரிசை. செருப்பைக் கவனித்தேன். சேறு இல்லை. கழுவியிருக்கிறான்.

மத்தியானம் சார் போனில்: "நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். இல்லீன்னா கேரளாவுக்கே புக் பண்ணிரு." நாற்பது பேர். சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை போட்டது மட்டும் இறங்கியது.

மே 5, திங்கள்

ஐந்து மணிக்கே எழுந்தேன். லில்லிபாய் அடுக்களையில் இருப்பாள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் கிளம்பி, கைதைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கள்ளனைக் கையும் களவுமாக.

வந்தது ஜெபின் இல்லை. லில்லிபாய். கையில் தென்னை மட்டை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகித் தண்ணீரில் இறங்கி ஓங்கி நாலு அடி.

"ஏட்டி! என்னட்டி செய்யுத?"

திடுக்கிடக்கூட இல்லை. "வெரட்டுகேன். அக்கரைத் தாமரைக்குள்ள போயிரும்லா. பார்ப்பு செவசெவன்னு கெடக்கு. கழுகுக் கண்ணுல்லா ஒங்களுக்கு, தெரியலியோ?"

"சார் பிடிச்சிட்டு விட்டுருவாருட்டி."

"நீங்க ரெண்டுபேரும் போட்டோக்கு இளிச்சிட்டு நிக்கிய நேரத்துல மத்த மீனெல்லாம் வந்து குஞ்சு ஒண்ணையும் மிச்சம் வைக்காது. சந்தையில நின்னு தொண்டை கிழிஞ்சவரு யாரு?"

"அத வீட்டுல வச்சிச் சொன்னா என்ன?"

"சொன்னா அதுக்கொரு கதை சொல்லுவிய. மட்டைகிட்ட கதை சொல்ல முடியாதுல்லா."

நூல் பற்றிக் கேட்டேன். "எனக்க நூலு எனக்குத் தெரியாதா? நீங்க போட்ட முடிச்சு காத்துக்கே அவுந்து கெடந்து. பாவம்னு கட்டிவிட்டேன்."

வெளிச்சம் வரும் வரை நின்று அக்கரையைப் பார்த்தேன். சிவப்புதான். தண்ணீரில் மிளகாய்ப்பொடி கொட்டியது மாதிரி.

ஏழு மணிக்குச் சாரோடு திரும்பவும். அவர் கண்ணும் மோசமில்லை. "அங்கிள், அக்கரையில என்னமோ செவப்பாக் கொதிக்குதுங்களே. பார்ப்புங்களா?"

நாற்பது பேரும் கண் முன்னால் வரிசையாக வந்து போனார்கள்.

"பார்ப்பா? சார், அது பாம்புக் குட்டியாக்கும். நூத்துக்கணக்குல. போன வருசம் ஒருத்தன் அங்க தூண்டி போட்டான். இன்னும் காலு வீங்கித்தான் இருக்கு."

இதற்கு முன் நான் சொன்ன எதையும் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. இக்கரையிலேயே எறிந்தார். ஒரு குறவை மீன் மாட்டியது, சாண் நீளம். போட்டோகூட எடுக்கவில்லை. பதினொரு மணிக்குக் கிளம்பினார். கேரளாவுக்கு.

ஜெபின்தான் பையைத் தூக்கிக் காரில் வைத்தான். வெள்ளிக்கிழமை சாரிடம் என்ன பேசினாய் என்று கேட்டேவிட்டேன்.

"மாமா சொல்லுத கிலோவுல பாதியக் கழிச்சிக்கிடுங்கன்னேன், மாமா."

சாயங்காலம் தனியாகக் குளம். தாய் மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தது. ஏழு கிலோ இருக்கும். சரி, மூன்று. பார்ப்பு கறுக்க இன்னும் பத்து நாளாவது ஆகும்.

கரையில் புதுச் செருப்புத் தடம். ஜெபினுடையதைவிடப் பெரியது. வேறு ஊர்க்காரன். தூண்டில்காரன் நடை.

நூல் கட்டிவிட்டேன். இரட்டை முடிச்சு. மட்டையைக் கைதைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.