லேஸ் கட்டக் குனிந்த அண்ணனுக்கு

அண்ணா,

எதையும் கூட்டாமல் குறைக்காமல் இதை எழுதப்போகிறேன். எனக்குக் கெட்ட பெயர் வரும் இடங்களையும் விடமாட்டேன். நல்ல சொல் கிடைத்துவிட்டால் அதற்காக நடந்ததையே மாற்றி எழுதிவிடுவேன் என்று என் கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கேலி செய்வாய். இன்று அப்படிச் செய்யமாட்டேன்.

காலையில் அப்பா உன் பையைத் திறக்கச் சொன்னார். உன் மருத்துவத் தாள்கள் ஏதாவது இருந்தால் கொண்டுவரும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களாம். நீ போய் நான்கு மாதமாக யாரும் தொடாத பை அது. ஜிப்பை இழுத்ததும் நீ முழங்காலில் தேய்க்கும் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. சமையலறை வரைக்கும் போயிருக்க வேண்டும். அங்கே அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. தாள் எதுவும் இல்லை. ஒரு சட்டை, மூன்று காலுறை. நான்காவதைக் காணவில்லை.

இருபத்து மூன்று வயதில் ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் இதயம் நின்றுபோனால், கூடப்பிறந்தவர்களையும் சோதித்துப் பார்ப்பார்களாம். உன் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஊசிக்கும் கருவிக்கும் நான் பயப்படவில்லை. டாக்டர் ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும். அதற்கான பதில் நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதற்குத்தான் பயந்தேன். காரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது என் பற்கள் தானாக அடித்துக்கொண்டன. குளிர்சாதனத்தைக் குறைத்தார் அப்பா.

உன் கால்பந்துக் குழு உன்னைக் கிழக்குக்கரைக் குழு ஒன்றுக்கு ஒரு பருவம் அனுப்புகிறது என்று நீ சொன்ன நாள் நினைவிருக்கிறதா? "லோன்ல போறேம்மா" என்றாய். அம்மாவுக்குப் புரியவில்லை. நான் அகராதியைப் புரட்டி, "இரவல்மா. பக்கத்து வீட்டுக்கு அண்டா குடுக்கிற மாதிரி" என்றேன்.

"அண்டாவ குடுத்தா நெளிச்சுத்தான் திருப்பிக் குடுப்பாளுங்க," என்றார் அம்மா. "எம்புள்ளைய முழுசா குடுக்கச் சொல்லு."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நம் ஊர் பீடோங் பேருந்து நிலையத்தில் ஏறும்போதுகூட, "அண்டா கிளம்பிருச்சு லா" என்று கையசைத்தாய்.

மூன்றாவது வாரம் என்னை மட்டும் அழைத்தாய். "பாப்பா, ஒன்னு சொல்றேன், கத்தக்கூடாது. பயிற்சியில கண்ணு முன்னால எல்லாம் கறுத்துப்போச்சு. கீழ விழுந்துட்டேன். வெயிலுன்னு சொல்லி சமாளிச்சிட்டேன்."

"டாக்டர பாத்தியா?"

"இரவல் ஆளு பாப்பா நான். தலை சுத்துதுன்னா அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்ருவானுங்க. அங்க வந்தா மறுபடியும் பெஞ்சுலதான் உக்காரணும். நான் ஒரு வழி வச்சிருக்கேன். சுத்தும்போது குனிஞ்சு லேஸ் கட்டுவேன். ரத்தம் தலைக்கு வந்துரும், சரியாயிரும். யாருக்கும் தெரியாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அதற்குப் பிறகு உன் ஆட்டங்களை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கைப்பேசித் திரையில் பந்து எங்கே ஓடினாலும் என் கண் உன் முதுகைத்தான் தேடும். நீ குனிவாய். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நீ நிமிர்வாய். அப்பா பக்கத்தில், "ஓட்டம் இல்ல. இந்தப் பயலுக்கு என்னமோ ஆயிருச்சு, ஓட்டமே இல்ல" என்று தொடையில் தட்டிக்கொள்வார். ஒரு கோல்கூட இல்லை. முதல் பதினொருவரில் இருந்த நீ மாற்று ஆட்டக்காரனானாய். பிறகு சில வாரம் பெயரே வரவில்லை. பெயர் வராத வாரங்களில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளி விடுமுறையில் அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் வேலைக்கு இரண்டு நாள் விடுப்பு போட்டு, எங்களைக் காரில் மலைச்சாலை வழியாக அங்கே கூட்டிவந்தார். அம்மா உனக்காகக் கட்டிய புளிச்சோறு என் மடியில் இருந்தது. நீ பிற்பாதியில்தான் இறங்கினாய். இரண்டு முறை பந்தைத் தவறவிட்டதும் எங்களுக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரர் ஒருவர், குவாச்சி விதை கொறித்துக்கொண்டே, "பூலாங்கான் சாஜா லா!" என்று கத்தினார். இரவல் வாங்கியவனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். வரிசையே சிரித்தது.

நீ குனிந்தாய்.

"ஓய்! வெல்க்ரோ சப்பாத்து வாங்குடா!" என்று மலாயில் மறுபடி அவர். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரியாத்தான் சொல்றான். லேஸ் கட்டவா வந்தான் இவன்?"

அம்மா மட்டும் திரும்பி, தனக்குத் தெரிந்த மலாயில், "இத்து அனாக் சாயா" என்றார். அது என் மகன். அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குவாச்சிப் பொட்டலம் ஒன்று எங்கள் தோளுக்கு மேலே மெல்ல நீண்டது. "மாஆஃப், காக்," என்று மன்னிப்புக் கேட்டார். அம்மா முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கிக்கொண்டார்.

அன்று நீ நான்கு முறை குனிந்தாய். நான்காவது முறை நிமிர அதிக நேரம் எடுத்தது. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் வந்துவிடும் போலிருந்தது. வாசலில் உன் சட்டையைப் பிடித்து, "அப்பாகிட்ட சொல்லப்போறேன்" என்றேன். "இன்னும் ஆறே ஆட்டம் பாப்பா. முடிஞ்சதும் நானே சொல்றேன்" என்றாய். ஊர் திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

பருவம் முடிந்தது. அவர்களுக்கு நீ வேண்டாம். இங்கே உன் குழுவும் இடமில்லை என்றது. நீ வீட்டுக்கு வந்தாய். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு குழுவில் தேர்வு இருக்கிறது என்று தினமும் காலையில் தோட்டத்துத் திடலில் ஓடினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டாய். நான் மரத்தடியில் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

இனி வருவதுதான் இன்று வரைக்கும் நான் யாருக்கும் சொல்லாமல் இருந்தது. தூரத்து மூலையில் நீ குனிந்ததைப் பார்த்தேன். லேஸ் என்று நினைத்தேன். அத்தனை மாதம் பயந்து பயந்து எனக்குப் பழகிப்போயிருந்தது, அண்ணா. பக்கத்தைத் திருப்பினேன். இன்னும் இரண்டு பக்கம் படித்தேன். மூன்றாவது பக்கத்தின் பாதியில்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

இன்று பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். அவர் கேள்வியைக் கேட்டேவிட்டார். "உங்க பையனுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது மயக்கம், தலைச்சுத்தல் இருந்துச்சா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல டாக்டர்," என்றார் அப்பா. "பந்து விளையாடுற பையன். சளி புடிச்சாக்கூட ஓடுவான்."

டாக்டர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதத் தொடங்கினார். பேனா நகர்வதைப் பார்த்தேன்.

"இருந்துச்சு டாக்டர்." குரல் மிகச் சிறியதாக வந்ததால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அழைப்பு, சத்தியம், லேஸ், நான்கு முறை, இரண்டு பக்கம். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அன்னிக்கு நானும்ல சிரிச்சேன்" என்றார்.

அப்போது டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு அப்படி வந்திருக்காம்மா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஆனால் பதில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன், பள்ளி ஒன்றுகூடலில் நாட்டுப்பண் பாடும்போது, எனக்கும் கறுத்துக்கொண்டு வந்தது. குனிந்தேன். என் பள்ளிச் சப்பாத்தில் லேஸே கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். அதைப் பிரித்து ஒட்டினேன். மறுபடியும் பிரித்து ஒட்டினேன். மாணவர் தலைவி முறைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நீ எனக்குச் சொல்லிக்கொடுக்காமலே உன்னைப் போலவே செய்திருந்தேன்.

"வந்திருக்கு," என்றேன்.

அப்பாவின் நாற்காலி சத்தமிட்டது. "பாப்பா," என்றார்.

"பயத்துலயும் வரும், சாப்பிடாம இருந்தாலும் வரும்," என்றார் டாக்டர். "ஆனா தெரிஞ்சுக்கிட்டோம் இல்லியா, இன்னிக்கே பாத்துடுவோம்." முடிவு அடுத்த வாரம்தான். இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. உன் மூக்கு எனக்கு இருக்கிறது. இடது கைப் பழக்கம் இருக்கிறது. உன்னிடம் இருந்ததில் இன்னும் எது என்னிடம் இருக்கிறது என்று அடுத்த வாரம் சொல்வார்கள்.

இதயத்தைத் திரையில் பார்க்கும் அறை சிறியது. கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். விலா எலும்பில் தடவிய களிம்பு சில்லென்று இருந்தது. அப்பா என் தலைமாட்டில் நின்றார்.

"பயமா இருக்கா?"

நம் வீட்டில் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். "சும்மா லா" என்று நீ சொல்லிச் சொல்லி அதை எனக்கும் பழக்கியிருந்தாய். அதுதான் வாய் வரைக்கும் வந்தது.

"இருக்குப்பா," என்றேன். "ரொம்ப."

"எனக்கும்தான்," என்றார் அப்பா. என் தலையில் கை வைத்தார்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடியது. சரியாகத் தெரியவில்லை. திரை தெளிவாகத் தெரியட்டும் என்று தாதி எழுந்து போய் அறை விளக்குகளை அணைத்தார்.