மச்சான் சீர் கொண்டுவந்த கதவு

மச்சான்,

வீடு முழுக்கப் புது ரப்பர் வாசம். உன் கதவைக் கழற்றி வெளியே காம்பவுண்டுச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். ஆமாம், கழற்றியாயிற்று. கோபம் வந்தால் நேரில் வந்து சண்டை போடு.

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதற்குமேல் உனக்கும் படிப்பு ஏறவில்லை, எனக்கும் ஏறவில்லை. அந்தப் பொருத்தம் பார்த்துத்தான் உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக்கொடுத்தாய் போல.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருநகரில் வீடு கட்டிக் குடிபோனேன். மற்ற அண்ணன்மார் பாத்திரமும் பட்டுச்சேலையுமாகச் சீர் கொண்டுவருவார்கள். நீ அலங்காநல்லூரிலிருந்து டிராக்டரில் ஒரு கண்ணாடிக் கதவை ஏற்றி வந்தாய். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. எங்கோ ஜவுளிக்கடையில் பார்த்து ஆசைப்பட்டாயாம். முன்னால் மேளம், கண்ணாடி நிறையச் சந்தனம், குங்குமம். தெருவே வேடிக்கை பார்த்தது.

கட்டி முடித்த வீட்டில் அதை எங்கே வைப்பது? பால் காய்ச்சிய மறுநாளே நீ மேற்குச் சுவரை இடிக்கச் சொன்னாய். மேற்கு வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்றேன்.

“வெயிலும் வரட்டும் மாப்ள. என் தங்கச்சி வீட்டுக்கு யாரு வந்தாலும் கதவத் தொறந்துதேன் விடணும்.”

வந்தது மச்சான். நாற்பது வருடமாக வந்தது. நீ வரும்போதெல்லாம் மதியம் மூன்று மணிக்கு அந்தக் கதவுக்கு நேரே உன்னை உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சுக்குக்காபி கொடுப்பேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். ஆனாலும் நாற்காலியை ஒரு அடி நகர்த்த மாட்டாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் தங்கச்சி அதைத் தொடவிடவில்லை. மகன் ஏசி மாட்டினான். குளிரெல்லாம் கதவு இடுக்கு வழியாக முருங்கை மரத்துக்குப் போனது. இந்தச் சித்திரையில் அதே கதவுப் பக்கம் அவள் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்காரவைத்து, கதவை மாற்றப்போகிறேன் என்றேன்.

“அது எங்க அண்ணன் சீரு. நான் செத்த பெறகு மாத்திக்கங்க.”

“ஒங்கண்ணன் வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை மீறி நான் செய்த ஒரே காரியம் இதுதான். மூன்று நாள் முறைத்துக்கொண்டேதான் சோறு போட்டாள். புதுக் கதவுக்கு ரெட்டைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் வைத்து இடுக்கே இல்லாத சட்டம். வெயில் வெளியே நிற்கும், குளிர் உள்ளே நிற்கும், கரண்டும் மிச்சம் என்றான் மாட்ட வந்தவன்.

நேற்று மதியம் அவள் அங்கேயே படுத்துத் தூங்கினாள். சித்திரை மாதத்தில், போர்வை போர்த்திக்கொண்டு. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா வந்து, கதவைத் தடவிப் பார்த்து, எப்போது போட்டது என்று விசாரித்தாள்.

“எங்க அண்ணன் சீருதேன்க்கா. கண்ணாடிய மட்டும் இவுக மாத்துனாக.”

கேட்டாயா? ஆள் பிடித்தது நான், முறைப்பு வாங்கியது நான், பேர் உனக்கு. செத்தும் ஜெயிக்கப் பார்க்கிறாய். விட மாட்டேன். இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் இது நான் போட்ட கதவு என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், மச்சான்.