கேள்வி நாளில் அப்பா எழுந்து நின்றார்

லூயிஸ் தீவு,
மார்ச் 1931, செவ்வாய்க்கிழமை.

என் பிரியமுள்ள மகன் டோர்மட்டுக்கு,

கனடாவிலும் கர்த்தருடைய கிருபை உன்னைச் சூழ்ந்திருக்கட்டும். அம்மா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் அப்பாவின் நெஞ்சுதான் முன்போல் இல்லை. மேட்டில் ஏறினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் கடலைப் பார்க்கிறாராம். பிறந்ததிலிருந்து பார்க்காத கடலா?

திருவிருந்து வாரம் முடிந்து நேற்றுத்தான் விருந்தாளிகள் கிளம்பினார்கள். உன் கட்டிலில் மட்டும் மூன்று பேர் குறுக்காகப் படுத்தார்கள். ஞாயிறு ஓய்வுநாளுக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே கிழங்கு உரித்துத் தண்ணீர் சுமந்ததில் என் இடுப்பு கழன்றுவிட்டது. அதை விடு. உனக்குச் சொல்ல வேண்டியது வெள்ளிக்கிழமை நடந்தது.

திருவிருந்து வாரத்து வெள்ளிக்கிழமை கேள்வி நாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கர்த்தர் ஏவிய ஒருவர் எழுந்து கேள்வி வைப்பார். திருவிருந்துப் பந்தியில் சேர்ந்து அப்பம் எடுக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பதில் பேசுவார்கள். உன் அப்பாவோ பந்தியிலேயே சேராதவர். கர்த்தர் தன்னைத் தெரிந்தெடுத்தார் என்ற நிச்சயம் வராமல் அப்பத்தைத் தொடமாட்டேன் என்று கடைசி வரிசையில் இருப்பார். நான் மட்டும் முன்னால் போய் மேஜையில் உட்காருவேன். கல்யாணமான நாளாய் இப்படித்தான். அது எனக்கு வலிக்காத வருஷமே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வெள்ளிக்கிழமை திடீரென்று எழுந்து நின்றார்! போதகர் மெக்கிவர் முகம் மலர்ந்து, "சொல்லுங்க ஆங்கஸ், கர்த்தர் உங்களுக்கு என்ன கேள்வி குடுத்தார்?" என்றார். கேள்வியாவது ஒன்றாவது! அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. மனுஷன் திருதிருவென்று விழித்துவிட்டு, "கூப்பிட்டா வரேன்னு ஒருத்தன் வாசல்லயே நிக்கறான். உள்ள இருக்கறவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தார், இவனுக்குத்தான் காதுல விழலன்னா, தப்பு யாரோடது?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான், சபை பிடித்துக்கொண்டது. பாவத்தில் செத்தவனுக்குக் காது ஏது, கர்த்தர்தான் திறக்க வேண்டும் என்றார் ஒருவர். அப்படியானால் அவர் ஏன் மெனக்கெட்டுக் கூப்பிடுகிறார் என்றார் இன்னொருவர். மூப்பர் ஃபின்லே, "காதைக் குடுத்தது அவர். பொத்திக்கிற கை நம்மளது" என்றார். நானும் மறுநாள் பால் கறக்கும்போது அதையே யோசித்தேன். கன்று தானாகத்தான் மடியைத் தேடுகிறது. தேடச் சொல்லிக் கொடுத்தது யார்? எனக்கு விளங்கவில்லை, ஆனால் யோசிக்க நன்றாக இருந்தது.

சனிக்கிழமை உன் அப்பா, பந்தியில் உட்கார அனுமதியாகக் கொடுக்கிற ஈய வில்லையைக் கேட்டு மூப்பர்களிடம் போனார். பொய் சொல்லத் தெரியாதவர் ஆயிற்றே! "என்னை எழுப்பினது பரிசுத்த ஆவியில்லீங்க, காலு புடிச்சிக்கிச்சு" என்று உடைத்துச் சொல்லிவிட்டாராம். ஃபின்லே சிரித்து, "காலைப் புடிச்சது யாருன்னு நினைக்கற?" என்று கேட்டு வில்லையைக் கையில் வைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து, "பெகி, நானா எழுந்தேன், எழுப்பிவிட்டாங்களா?" என்றார். "எப்படியோ எழுந்தாச்சில்ல, வந்து என் பக்கத்துல உக்காருங்க" என்றேன். சந்தோஷத்தில் அவருடைய கறுப்புக் கோட்டை இரண்டு தரம் தூசு தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. மரியாதையை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் தலைகுனிந்து இருந்தார். வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் வாய் திறந்தார். "எல்லாம் முன்னாடியே முடிவாயிருந்தா நான் எதுக்கு ஜெபம் பண்ணணும்னு நம்ம டோர்மட் பய அன்னிக்குக் கேட்டான். எனக்கும் உள்ளுக்குள்ள அதே கேள்விதான். பதில் தெரியலன்னு சொல்லியிருக்கலாம். கெட்டுப்போறவன் பேச்சுன்னு சொல்லிக் கதவைக் காட்டினேன். அவன் மனசு நொந்து கெடக்கையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அப்பத்தை எடுப்பேன்?" என்றார். அழுதார், டோர்மட். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த திருவிருந்து செப்டம்பரில். வைத்தியர் செப்டம்பரைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்.

உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை கஞ்சி குடிக்கும்போது, கனடாவிலிருந்து கப்பல் வர எத்தனை நாளாகும் என்று, யாரோ ஊரார் வீட்டு விஷயம் போலக் கேட்டார்.

உன் போக்கையும் வரவையும் கர்த்தர் காப்பாராக. நீ வருவாயா மாட்டாயா என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே அவருக்குத் தெரியும் என்று நம் சபை சொல்லும். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் எனக்குத் தெரியாதே, மகனே. எனக்கு எழுது.

உன் அம்மா,
பெகி