ஷகீலின் கையைப் பிடிக்கப்போவது யார்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. உன் நிக்காஹுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

அன்பு மகள் ஜோயாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் உன் உம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, தோஹாவில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். உடம்பு சரி, மனசுதான் சரியில்லை, காரணம் நீ. போனில் பேசினால் நான் கத்துவேன் நீ அழுவாய், எழுதினால் இரண்டும் மிச்சம் என்றுதான் கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டு கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். அடித்ததை அது எனக்கு வாசித்துக் காட்டுகிறது, தமிழை அது வாசிக்கிற அழகு உனக்குத் தெரியும். நீயும் அதே அழகில்தான் வாசிப்பாய், பரவாயில்லை, மெதுவாக வாசி, ஆனால் பாதியில் விட்டுவிடாதே.

நேற்று ஜமாஅத் ஆபீசுக்கு நிக்காஹ் படிவம் நிரப்பப் போனேன். பெண்ணின் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைச் சொன்னதும் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதான் ஒங்க காக்கா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாவளே பாய், பொண்ணும் போன்ல சரின்னுட்டால்லா என்றார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. என் மகளை ஒருவன் கையில் ஒப்படைக்க என் அண்ணன், உதுமான் காக்கா. ஊரில் வாப்பா செத்துப்போன பெண்ணுக்குத்தான் பெரியவாப்பா முன்னால் வந்து உட்கார்ந்து மாப்பிள்ளை கையைப் பிடிப்பார். நான் உயிரோடு, எழுதுவதற்குப் பேனாவோடு அங்கே நின்றேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன், தகப்பன் இருக்கும்போது, அதுவும் புத்தி தெளிவாக இருக்கும்போது, வேறு ஆள் எதுக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்படியானால் தடுத்தது மார்க்கம் இல்லை, ஜமாஅத்தும் இல்லை. என் வீட்டு ஆட்கள்.

அங்கிருந்து நேரே காக்கா வீட்டுக்குப் போனேன். ஏலே ஷாகிர், மாப்ள வீட்டுக்காரவ நெருள்ல இருந்து அம்பது பேரு வாராவ, வீடியோ லைவ் வேற ஓடும், நீ கையைத் தொழாவிக்கிட்டு இருந்தா பிள்ளைக்குத்தாம்லே சங்கடம், நான் ஒன் நல்லதுக்குல்லா சொல்லுதேன் என்றார். சங்கடம் என்று ஜோயாவே சொன்னாளா என்று கேட்டேன். அவதாம்லே சொன்னா, நீங்களே இருந்துருங்க பெரியவாப்பா, வாப்பா பாவம்னு சொன்னா என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லை நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன்.

எனக்குக் கண் முழுதாகப் போனபோது உனக்கு ஆறு வயசு. அதற்கு முன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன், அதற்குப் பிறகும் ஃபிட்டர்தான். இந்தத் தாராவியில் எத்தனை தையல் யூனிட்டுக்கு நான் மெஷின் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாதா. ஊசி அடிமட்டத்திலிருந்து ரெண்டேகால் மில்லி ஏறும்போது கொக்கி முனை ஊசிப் பள்ளத்தில் வந்து நிற்க வேண்டும், ஒரு மயிரிழை தவறினால் தையல் விட்டுப்போகும், அதை விரல் நுனியில் வைத்துப் பூட்டுகிறேன். போன வாரம் புதிதாக ஒரு லெதர் பேக் சேட்டு வந்து மிஸ்திரி கிதர் ஹை, மெக்கானிக் எங்கே என்று என்னிடமே கேட்டார். பைட்டோ, உட்காருங்கள் என்றேன். இருபது நிமிஷம் மிஸ்திரிக்காகக் காத்திருந்தார், அதற்குள் நான் பூட்டிய அவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊர் பேர் தெரியாத ஆள், அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்.

நிக்காஹுக்குப் பிடித்திருக்கும் செம்பூர் ஹாலைப் பார்க்கப் போனதையும் சொல்கிறேன். மேனேஜர் முழுக்க முழுக்க காக்காவிடமே பேசினார், நான் கூட வந்த குடை மாதிரி. அவர்கள் பூ அலங்காரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் கோலோடு மேடை ஏறி இறங்கினேன், மூன்று படி, நடுப்படிப் பலகை ஆணி விட்டு ஆடுகிறது. சொன்னேன். கண்ணுள்ள நாலு பேரும் அதில் ஏறி இறங்கியவர்கள்தான், அப்புறம்தான் குனிந்து பார்த்தார்கள்.

இன்னொன்று, இது உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஷகீல் தனியாகக் கடைக்கு வந்தான். மாமா, நிக்காஹ் அன்னிக்கு எந்தக் கையை நீட்டணும், மோதிரம் கழட்டணுமா, ஒரு தடவ காட்டுங்க என்றான். வலது கையைப் பிடித்துக் காட்டினேன், அவன் உள்ளங்கை முழுக்க வேர்வை, பிழிந்தால் சொட்டும். உங்க கை ஆடவே இல்லையே மாமா என்றான். கையைப் பிடிக்கக் கண் எதற்கு ஜோயா, கண்ணை அந்தப் பையன் கேட்கவில்லை, நீ கேட்டிருக்கிறாய்.

உனக்கு வெட்கம் என்றால் வெட்கம் என்று சொல், கேட்டுக்கொள்வேன். பயம் என்றால் அது உன் பயம், அதற்கு வாப்பா பாவம் என்று பெயர் வைக்காதே. உம்மா இதைப் பற்றி உன்னிடம் பேச மாட்டாள். ராத்திரி சோறு வைக்கும்போது, பிள்ளை சின்னது, தெரியாமச் சொல்லிட்டு என்றாள். இருபத்திரண்டு வயசு, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிறவள், சின்னது இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவளும் சாப்பிடவில்லை. லீவு லெட்டரைக் கையில் வாங்கிவிட்டு டிக்கெட் போடு. தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உனக்கு நல்ல வாழ்வைத் தருவான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் ஆபீசில் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கி என் சட்டைப் பையில் வைப்பேன். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.
2. காக்காவிடம் சாட்சியாக உட்காரச் சொல்வேன். முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும், பிரியாணி வந்தால் இறங்கிவிடும்.
3. சனிக்கிழமை செம்பூர் போய் அந்தப் பலகையில் ஏறி நின்று பார்ப்பேன்.
4. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் போனுக்காகக் கடையில் இருப்பேன். பெரியவாப்பாவிடம் சொன்னதை என்னிடம் சொல். வேண்டாம் என்று நீயே உன் வாயால் சொன்னால், படிவத்தில் காக்கா பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் உட்காருவேன்.

உன் வாப்பா,
ஷாகிர்