தண்ணீர் வண்டிக்கு உன் பெயரைக் கொடுக்காதே

எம்சூசு,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகன் வொங்கானிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி செகெரானியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று மற்ற கடிதங்களில் வழக்கத்துக்கு எழுதுவேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், காய்ச்சல் முழுசாக விட்டதா, வயிற்றுக்குச் சாப்பிடுகிறாயா. போனில் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களை மாற்ற வருகிற படையில் ஒரு நர்ஸ், அப்பாவின் மினிபஸ்ஸில் தினமும் போகிறவளாம், வியாழக்கிழமை காங்கோவுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து அனுப்புகிறோம். உள்ளே காய்ந்த ஊசிப்பா மீன், நிலக்கடலைப் பொடி, இரண்டு ஜோடி காலுறை. காலுறை செகெரானி வாங்கியது, அண்ணன் பூட்ஸைக் கழட்டினா எதிரியே ஓடிடுவான்னு எழுதும்மா என்று தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

மழை நன்றாக இருக்கிறது, சோளம் என் தோளுக்கு வந்துவிட்டது. அப்பா வண்டியில் இருந்த ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டார். பயணிகள் கேட்டால் ரிப்பேர் என்கிறார், நியூஸ் கேட்க மனசு தாங்கவில்லை என்பதுதான் உண்மை. வீட்டில் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. அவர் எடுப்பார், நான் பின்னால் நின்று அவர் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது தளர்ந்து கீழே இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும். இப்படித்தான் எங்கள் நாள் போகிறது.

தெம்வானி செய்தி வந்த அன்று இங்கே நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலை பத்து மணி இருக்கும், நான் வீட்டு முன்னால் களை கொத்திக்கொண்டிருந்தேன். ராணுவ ஜீப் நம் சந்துக்குள் திரும்பியது. இரண்டு அதிகாரிகள், கூட ஒரு போதகர். போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது, அதிலும் இந்தச் சந்தில் பிள்ளையை அனுப்பிய வீடு இரண்டுதான், நம் வீடும் தெம்வானியின் அம்மா நியாஹரவா வீடும். ஜீப் நம் வாசலில் நின்றது. களைக்கொத்து கையிலிருந்து விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஒருவர் இறங்கித் தொப்பியை எடுத்துவிட்டு, அம்மா தெம்வானி வீடு எதுங்க என்றார். வொங்கானி, அந்த நொடியில் என் மனசு கடவுளே உமக்கு நன்றி என்றது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. அடுத்த நொடி பார்த்தால் நியாஹரவாவின் சமையல்கட்டிலிருந்து புகை வருகிறது. அவர்களிடம், அவங்க தோட்டத்துக்குப் போயிருக்காங்க, அரை மணியில வருவாங்க, உட்காருங்க என்று பொய் சொல்லி நாற்காலி போட்டேன். போதகருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். நான் பின்வேலி வழியாக அவளிடம் போனேன். பூசணிக்கீரை வதக்கிக்கொண்டிருந்தாள். வா வொங்கானி அம்மா, உப்பு பாரு, வர வர எனக்கு நாக்கே சரியில்லை என்றாள். பார்த்தேன், சரியாயிருக்கு என்றேன், என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெம்வானி வந்ததும் தகரக்கூரை போடப்போவதாகச் சொன்னதை மறுபடி சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இருபது நிமிஷம் இருக்கும், என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர்கள் உள்ளே வந்தபோது அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அடக்கத்தன்று மழை விடவேயில்லை. மரியாதைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், ஒவ்வொரு வெடிக்கும் செகெரானி என் முதுகில் முகத்தைப் புதைத்தாள். சபைப் பெண்களோடு நானும் ஒரு வாரம் அந்த வீட்டுத் தரையிலேயே கிடந்தேன். அது முடிந்து வந்த அன்றுதான் நீ போன் செய்தாய். தண்ணீர் வண்டிக்குக் காவல் போக வேண்டியது உன் முறை என்றும், காய்ச்சலில் கிடந்த உன்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவன் ஏறினான் என்றும், பாதையில் குண்டு விழுந்தது என்றும் சொன்னாய். அவங்க அம்மாகிட்ட சொல்லிடாதம்மா என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனிமே தினமும் அந்த வண்டிக்கு என் பேரைக் குடுத்துட்டேன் என்று வேறு சொன்னாய், லைன் போய்விட்டது. குண்டுக்குப் பயந்தது போக இப்போது உனக்கே பயப்படுகிறேன்.

நான்கு நாள் நியாஹரவா கண்ணில் படாமல் திரிந்தேன். ஐந்தாவது நாள் தாங்கவில்லை, நீ திட்டினாலும் பரவாயில்லை என்று போனேன். பெட்டியில் வந்த அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், உன்னை ஏதாவது சொல்லிச் சபித்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். அவள் மெதுவாக, தெரியும் என்றாள். வண்டியில் ஏறும் முன்னால் தெம்வானி டிரைவரின் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டிருக்கிறான். வொங்கானி ஆட்டுக்குட்டி மாதிரி முனகிக்கிட்டுக் கிடக்கான், அவன் தட்டு பீன்ஸையும் நானே தின்னுட்டுப் போறேன் என்று சிரித்தானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீ என் வீட்டுக்கு வர மாட்டே, புருஷனும் இல்லாம அப்புறம் எனக்கு யாரு இருக்கா என்றாள்.

நீ பெயர் கொடுத்ததைச் சொன்னதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, என் பிள்ளை போனது வொங்கானி படுத்து எழுந்திருக்கறதுக்கு, பின்னாலேயே வர்றதுக்கு இல்லைன்னு எழுது என்றாள். கடைசி ஏழு மாசம் என் பிள்ளை என்ன பேசினான், பல்வலி விட்டுச்சா, யாரோட சண்டை போட்டான், இதெல்லாம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவனும் போயிட்டா நான் யாரைப் போய்க் கேட்பேன் என்றாள். ஆளுக்கொரு சட்டைக்கையைப் பிடித்து அதை மடித்தோம்.

மகனே, உன் முறை வந்தால் நீ போகத்தான் வேண்டும், ஒளிந்துகொள் என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இங்கே நடுங்கிக்கொண்டு கிடப்பேன், அது என் பாடு. ஆனால் அடுத்தவன் முறைக்கு நீயாகப் போய் ஏறாதே. இதைப் படித்ததும் போய்ப் பெயரை அடித்துவிட்டு வா.

கர்த்தர் உன் தலைமேல் வைத்த கையை எடுக்காமல் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, அவர் எழுத வரவில்லை, வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, கொசுவலைக்குள்ளேயே படு, அதை மறக்காதே.

உன் அம்மா,
லொய்னெஸ்

சொன்னபடி எழுதினேனா என்று பார்க்க நியாஹரவா வந்திருக்கிறாள். முழுக்கப் படித்துக் காட்டினேன். ரொம்ப மென்மையா எழுதியிருக்கே என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

வொங்கானி, நீ வந்து சொல்லணும். உட்கார்ந்து கேட்க நான் இருக்கேன். தெம்வானி அம்மா.